மெர்டேக்கா: சொல்லும் பொருளும்

ஒரு நாட்டிலே பிறந்த சொல் மற்றொரு நாட்டுக்குக் குடிபெயரும்போது, தன் பொருள் முழுவதையும் கூடவே சுமந்து செல்வதில்லை. பாதியைப் பிறந்தகத்தில் விட்டுவிட்டுப் போகும். புகுந்தகத்தில் புதியன சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளும். மூன்று தலைமுறை கழிந்தபின் அது பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தால், பெற்றவர்களுக்கே அடையாளம் தெரியாது. அத்தகைய சொற்களில் ஒன்று மலாய் மொழியில் வழங்கும் 'மெர்டேக்கா' என்பது.

நம் கடற்கரை ஊர்களிலே மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உற்றார் உறவினர் உடைய குடும்பங்கள் பல உண்டு. அக்குடும்பங்களுக்கு இச்சொல் புதியதன்று. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 31ஆம் நாள் வந்தால் 'மெர்டேக்கா தினம்' என்று எழுதியும் பேசியும் வருகிறார்கள். நம் தமிழ் ஏடுகளோ அதனைச் 'சுதந்திர தினம்' என்று பெயர்த்து அமைதி கொள்கின்றன. அகராதியைத் திறந்து பார்த்தால் இப்பெயர்ப்பில் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் பிழையின்மை வேறு, நிறைவு வேறு. இப்பெயர்ப்பிலே விடுபட்டுப் போனது யாது, அது விடுபட்டமையால் நமக்கு நேர்ந்த நட்டம் யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேர் எது?

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிவிடுவோம். மலாய் மொழியை அரபி எழுத்தில் எழுதும் முறைக்கு 'ஜாவி' என்று பெயர். அம்முறையில் மெர்டேக்கா என்பது மீம், ரே, தால், யே, காஃப் என்னும் எழுத்துகளால் எழுதப்படும். இதனைக் கண்ட சிலர், இஃது அரபிச் சொல்லே என்றும், 'மரத' என்னும் வினையடியாகப் பிறந்தது என்றும் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்நியரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தவர்கள் பெற்ற பேறு ஆகையால், எதிர்த்தல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து சொல் வந்தது என்பது அவர்கள் தரும் விளக்கம். கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அரபியில் அவ்வினை வழியே வரும் 'மாரித்', 'மரீத்' என்னும் பெயர்கள், வரம்பு மீறி முரண்டு பிடிக்கும் ஷைத்தானைக் குறிக்கத் திருக்குர்ஆனில் ஆளப்பட்டவை. தம் நாட்டின் தலைசிறந்த பேற்றுக்கு மலாய் முஸ்லிம்கள் அப்பெயரையா சூட்டியிருப்பார்கள்? அரபி எழுத்தில் எழுதப்பட்ட காரணத்தினாலேயே ஒரு சொல் அரபியாகிவிடாது. ஆகிவிடுமாயின், நம் முன்னோர் அரபுத் தமிழில் எழுதி வைத்த நூல்களில் உள்ள தமிழ்ச் சொற்கள் யாவும் அரபிச் சொற்கள் ஆகிவிட வேண்டும் அல்லவா?

சொல்லின் வேர் வடமொழியில் உள்ளது. 'மஹா' என்பதும், வளம், செழிப்பு, ஆற்றல் எனப் பொருள்படும் 'ருத்தி' என்பதும் கூடி 'மஹர்த்திக' என்றாயிற்று. பெருஞ்செல்வம் உடையவன், பேராற்றல் வாய்ந்தவன் என்பது அதன் பொருள். பாலி மொழிப் பௌத்த நூல்களில் 'மஹித்திக' என்று இதே சொல், தவவலிமை பெற்றோரைக் குறித்து வழங்கும். வணிகரோடும் துறவியரோடும் கடல் கடந்து சாவகத்தை அடைந்தபோது, பழஞ்சாவக மொழியில் இச்சொல் அறிவாலும் ஒழுக்கத்தாலும் உயர்ந்த பெரியோரைச் சுட்டலாயிற்று. அப்பெரியோரிடம் அரசர்கள் வரி வாங்குவதில்லை; ஊழியம் கேட்பதில்லை. ஆகவே 'ஆற்றல் மிக்கவன்' என்றிருந்த பொருள், 'பிறர் ஏவலுக்கு உட்படாதவன்' என்று மெல்லத் திரும்பிற்று. மலாய் மொழியில் அது மேலும் ஒரு படி இறங்கி வந்து, அல்லது ஏறிச் சென்று, 'அடிமை அல்லாதவன்', 'அடிமைத்தளை நீங்கியவன்' என்று நிலைபெற்றது.

வடமொழிச் சொல் ஒன்று முஸ்லிம்களின் நாவிலே இத்தனை உரிமையோடு வழங்குவது குறித்து எவரும் வியக்க வேண்டுவதில்லை. மலாய் மக்கள் நோன்பைப் 'புவாசா' என்கிறார்கள். அது உபவாசம் என்பதன் திரிபு. சுவர்க்கத்தைச் 'சுர்கா' என்றும், நரகத்தை 'நெராகா' என்றும், நற்கூலியைப் 'பஹாலா' என்றும், பாவத்தைத் 'தோசா' என்றும் கூறுகிறார்கள். பழைய பாண்டத்தில் புதிய நீர் நிரம்பியது போல, இச்சொற்களில் இஸ்லாமியப் பொருள் நிரம்பியிருக்கிறது. நாமும் ஸலாத்தைத் தொழுகை என்றும், ஸவ்மை நோன்பு என்றும் சொல்லவில்லையா?

ஆயினும் ஒரு செய்தி கருதத்தக்கது. மலாய் மொழியின் அரசியற் சொற்கள் பல அரபியிலிருந்து வந்தவை. குடிமக்கள் 'ராக்யாட்', இறையாண்மை 'தவ்லாட்', உரிமை 'ஹக்', நீதி 'ஆதில்', கலந்தாய்வு 'முஷாவரா', பேராளர் 'வாகில்'. இத்தனையும் அரபியிலிருந்து எடுத்துக்கொண்டவர்கள், 'ஹுர்ரிய்யத்' என்னும் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளாது, பழைய மெர்டேக்காவையே வைத்துக்கொண்டார்கள். வெறும் பழக்கத்தினால் மட்டும் இது நேர்ந்ததென்று நாம் கருதவில்லை. அச்சொல்லுக்குள் மக்கள் விட்டுவிட மனமில்லாத ஒன்று இருந்தது. அது யாது என்பதை இனிக் காண்போம்.

அடிமை நீங்கியவர்

15ஆம் நூற்றாண்டில் தொடங்கித் தொகுக்கப்பெற்ற மலாக்காவின் சட்டநூலில் இச்சொல் 'மெர்தெஹெக்கா' என்னும் பழைய வடிவில் வருகிறது. அங்கே அது நாட்டைக் குறிக்கவில்லை, ஆளைக் குறிக்கிறது. 'ஹம்பா' என்பவன் அடிமை. 'மெர்தெஹெக்கா' என்பவன் அடிமை அல்லாதவன். இருவருக்கும் தண்டமும் ஈடும் வேறு வேறாக வகுக்கப்பட்டிருந்தன. ஆக, ஒரு மனிதனை மற்றொரு மனிதன் உடைமையாக வைத்திருக்கும் உலகிலே, 'இவன் எவனுக்கும் உடைமை அல்லன்' என்று சான்று கூறுவதே இச்சொல்லின் முதல் வேலை.

1619இல் ஒல்லாந்தர் படாவியா நகரை நிறுவியபின், இச்சொல் அவர்கள் ஏடுகளிலும் ஏறிற்று. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டவர்களையும் அவர்தம் சந்ததியாரையும் 'மர்டைக்கர்' என்று அவர்கள் குறித்தனர். மெர்டேக்காவின் ஒல்லாந்த உச்சரிப்பே அது. இம்மக்களிற் பெரும்பாலோர் கிறித்தவர். போர்த்துக்கீசியம் கலந்த மொழி பேசியவர். வட ஜகார்த்தாவைச் சார்ந்த தூகு என்னும் ஊரில் அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர்.

இவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று கேட்டால், விடை நம் வாயிற்படிக்கே வந்து நிற்கிறது. வங்கக் கரை, மலபார்க் கரை, சோழமண்டலக் கரை ஆகியவற்றிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் அவர்களுள் பலர். பழவேற்காட்டில் ஒல்லாந்தருக்குக் கோட்டை இருந்தது; 1658இல் நாகப்பட்டினமும் அவர்கள் கைக்கு வந்தது. 17ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் தஞ்சைச் சீமையை வாட்டியபோதெல்லாம், ஒரு வேளைக் கஞ்சிக்காகத் தம்மையும் தம் மக்களையும் விற்றவர்களை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் அக்கரை சென்றன. அவர்களிலே சிலர் என்றோ ஒருநாள் விடுதலை பெற்றபோது, அவர்களைச் சுட்டிச் சொல்லப்பட்ட சொல் மெர்டேக்கா. தமிழ் மண்ணில் பிறந்தவன் ஒருவன் இச்சொல்லை முதன்முதல் தனக்கு உரியதாகக் கேட்டது விழா மேடையில் அன்று. தளை அறுந்த அடிமையாகவே கேட்டான். 'சுதந்திர தினம்' என்று நாம் எளிதாகப் பெயர்த்துவிடும்போது, விடுபட்டுப் போகும் பொருள் இதுதான்.

நம் நாகூரோடு தொடர்புடைய ஒருவரையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். புதிய மலாய் உரைநடையின் முன்னோடி எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லாவின் கொள்ளுப்பாட்டனார் யமன் நாட்டிலிருந்து நாகூர் வந்து மணம் புரிந்தவர். அவர் மைந்தர் மலாக்கா சென்று குடியேறினார். அப்துல்லாவும் இளமையில் தமிழ் கற்றவர். 1849இல் அச்சேறிய தம் வரலாற்று நூலில், சிங்கப்பூருக்குப் பூகிஸ் படகிலே கொண்டுவரப்பட்டு விற்கப்பட்ட அடிமைகளின் அவலத்தை அவர் நெஞ்சுருகி எழுதியிருக்கிறார். ஒல்லாந்தர் ஆண்ட தீவுகளில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1860ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான். ஆகவே, மெர்டேக்கா என்றால் அடிமை நீக்கம் என்பது, 20ஆம் நூற்றாண்டின் தலைவர்களுக்கு அகராதிப் பொருளன்று. அவர்கள் பாட்டன்மார் கண்ணாற் கண்ட பொருள்.

வரியில்லா ஊர்கள்

சாவகத்தில் இச்சொல்லின் மற்றொரு கிளை தழைத்தது. 'பெர்டிக்கான்' என்று சில ஊர்களுக்குப் பெயர். மன்னனுக்கு வரி செலுத்தாமல், அதற்கு ஈடாகப் பெரியோர் அடக்கத்தலத்தையோ பள்ளிவாசலையோ சமயக் கல்விக் கூடத்தையோ பேணி வரவேண்டிய ஊர்கள் அவை. பொனொரோகோவுக்கு அருகே உள்ள தெகால்சாரி அத்தகையது. 18ஆம் நூற்றாண்டில், தலைநகரைக் கலகத்தில் இழந்த மன்னர் இரண்டாம் பாக்குபுவானா அங்கே அடைக்கலம் புகுந்தார் என்றும், அரசு திரும்பியபின் நன்றிக்கடனாக அவ்வூரைப் பெர்டிக்கான் ஆக்கினார் என்றும் கூறுவர். நம் நாட்டில் இறையிலி என்றும் இனாம் என்றும் வழங்கிய நிலங்களை அறிந்தோர்க்கு இவ்வேற்பாடு எளிதில் விளங்கும்.

இங்கே சொல்லின் பொருள் சற்றே மாறுபடுவதைக் கவனிக்க வேண்டும். மலாக்காவில் மெர்டேக்கா என்பது தளை நீக்கம். சாவகத்துப் பெர்டிக்கானோ சலுகை. தளை நீக்கம் எல்லார்க்கும் உரியதாகலாம். சலுகையோ, எல்லார்க்கும் கிடைத்துவிட்டால் சலுகையாக இராது. 1946இல், பிறந்து ஓராண்டே ஆன இந்தோனேசியக் குடியரசு தனிச்சட்டம் இயற்றிப் பெர்டிக்கான் ஊர்களின் தனியுரிமையை நீக்கிற்று. மெர்டேக்கா என்று முழங்கி எழுந்த அரசு, மெர்டேக்காவின் பெயர் தாங்கிய ஊர்களின் சலுகையை ஒழித்தது முரண்பாடு போலத் தோன்றும், அன்று. சிலருக்கு மட்டும் உரியதாய் இருந்த விலக்கு, அனைவருக்கும் உரிய உரிமைக்கு வழிவிட்டது. அப்பழைய கல்விக்கூடங்களால் விளைந்த நன்மையை மறுப்பவர் நாம் அல்லோம். எனினும், ஒரு சொல் தன் சிறிய பொருளைத் தானே உதறி, பெரிய பொருளை ஏற்றுக்கொண்ட தருணம் அது என்று சொல்லத் தோன்றுகிறது.

பிலிப்பைன் தீவுகளில் நேர்ந்ததோ இதற்கு நேர்மாறானது. அதே வடசொல் தகாலோகு மொழியில் 'மஹார்லிகா' என்றாயிற்று. திறை செலுத்தாமல், போர்க்காலத்தில் தலைவனோடு உடன் செல்லும் கடப்பாடு உடைய உரிமை மாந்தரை அது குறித்தது. பிற்காலத்தார் அதனை அரசகுலத்தார், மேன்மக்கள் என்று பொருள் கொள்ளலாயினர். ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் ஆட்சியில் அப்பொருளுக்கே ஏற்றம் தரப்பட்டது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர்; ஒருவன் அடிமைகளின் தோழனானான், மற்றவன் அரண்மனை வாயிலில் போய் நின்றுகொண்டான்.

அரபியோடு ஒரு நோக்கு

அரபி மொழியில் இப்பொருட் பரப்பு பல சொற்களாய்ப் பகுக்கப்பட்டிருக்கிறது. அடிமை அல்லாதவன் 'ஹுர்'. அடிமையை விடுவித்தல் 'இத்க்'. கழுத்தை விடுவித்தல் என்னும் பொருளில் 'தஹ்ரீரு ரகபா' என்றும் 'ஃபக்கு ரகபா' என்றும் திருக்குர்ஆன் ஆள்கிறது. தவறுதலாய் நேர்ந்த கொலைக்கும், முறித்த சத்தியத்துக்கும் பரிகாரமாக இதனையே அது விதிக்கிறது. ஜகாத்துப் பொருளிலும் இதற்கென ஒரு பங்கை ஒதுக்குகிறது. இம்ரானின் மனைவியார் தம் வயிற்றுப் பிள்ளையை இறைபணிக்கென நேர்ந்துகொண்டபோது, அப்பிள்ளையை 'முஹர்ரர்' என்று கூறியதாக ஆல இம்ரான் அத்தியாயம் உரைக்கிறது. எல்லாத் தளைகளிலிருந்தும் விடுவிக்கப்பட்டு இறைவனுக்கே உரியதாக்கப்பட்டது என்பது அதன் பொருள். விடுதலையும் ஒப்படைப்பும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கும் நயம் கற்றோர் உள்ளத்தைக் கவர்வது.

நாட்டு விடுதலைக்கு இன்றைய அரபியில் 'இஸ்திக்லால்' என்பார்கள். பிறர் துணையின்றித் தானே சுமந்து எழுந்து நிற்றல் என்பது அதன் உட்கருத்து. ஆக, அரபியில் அடிமையின் விடுதலைக்கு ஒரு சொல். நாட்டின் விடுதலைக்கு வேறொரு சொல். மலாய் மொழியிலோ இரண்டும் ஒன்றே. மலாய், இந்தோனேசியத் திருக்குர்ஆன் மொழிபெயர்ப்புகளில், அடிமையை விடுவித்தல் என்னும் இடங்களில் 'மெமெர்டேக்காக்கான்' என்னும் வினையே வருகிறது. காலையில் ஓதும்போது அடிமையின் கழுத்தை விடுவிக்கும் சொல்லாகக் கண்ட அதனையே, மாலையில் ஊர்வலத்தில் நாட்டின் விடுதலைக் குரலாக ஒரு மலாய்ச் சிறுவன் கேட்கிறான். இரண்டும் ஒன்றே என்று எவரும் அவனுக்குப் பாடம் சொல்ல வேண்டுவதில்லை, மொழியே சொல்லிவிடுகிறது. மக்கள் விட்டுவிட மனமில்லாத ஒன்று என்று மேலே நாம் குறித்தது இந்த இணைப்பைத்தான்.

விடுவிக்கப்பட்டவர் நிலை எத்தகையது என்பதற்கு நபிமொழித் தொகுப்புகளில் ஒரு வரலாறு உண்டு. பரீரா (ரலி) என்னும் பெண்மணியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விலை கொடுத்து விடுவித்தார்கள். அடிமையாய் இருந்தபோது நிகழ்ந்த திருமணத்தைத் தொடர்வதோ துறப்பதோ இனி அவர் விருப்பம் என்றாயிற்று. அவர் துறந்தார். கணவர் முகீஸ் (ரலி) கண்ணீர் வழிய மதீனாவின் வீதிகளில் அவர் பின்னே நடந்தார். அதுகண்டு இரங்கிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், திரும்பிச் சேரலாகாதா என்று கேட்டார்கள். இது கட்டளையா என்று பரீரா வினவினார். கட்டளையன்று, பரிந்துரையே என்று விடை வந்தது. அவ்வாறாயின் தமக்கு விருப்பமில்லை என்று அவர் கூறிவிட்டார். அதற்காக எவரும் அவரைக் கடியவில்லை. நேற்றுவரை விலைப்பொருளாய் இருந்த ஒரு பெண், இன்று அல்லாஹ்வின் தூதருடைய பரிந்துரைக்கே 'இல்லை' என்று சொல்ல முடிந்தது! இதனைக் காட்டிலும் மெர்டேக்காவுக்குச் சிறந்த உரை வேறு உண்டோ?

முழக்கமான காலம்

20ஆம் நூற்றாண்டில் இச்சொல் ஆளை விட்டு நாட்டுக்கு ஏறிற்று. ஒல்லாந்தில் பயின்ற இந்தோனேசிய மாணவர்கள் நடத்திய ஏடு 1924இல் 'இந்தோனேசியா மெர்டேக்கா' என்று பெயர் மாறியது. ஹிஜ்ரி 1364ஆம் ஆண்டு ரமலான் பிறை 9, வெள்ளிக்கிழமை, அதாவது 1945 ஆகஸ்ட் 17 அன்று, சுகர்னோவும் ஹத்தாவும் ஜகார்த்தாவில் விடுதலைப் பிரகடனம் செய்தனர். சில நாட்களுக்குள், ஒருவரையொருவர் காணும்போது கையுயர்த்தி 'மெர்டேக்கா' என்று வாழ்த்துவது நாட்டு வழக்காயிற்று. 1957 ஆகஸ்ட் 31 அன்று கோலாலம்பூர் விளையாட்டரங்கில் துங்கு அப்துல் ரஹ்மான் அச்சொல்லை ஏழு முறை முழங்க, திரண்டிருந்த மக்கள் எதிரொலித்தனர். மலாயரும் சீனரும் தமிழரும் தத்தம் தாய்மொழியில் பெயர்க்காமல், அந்த ஒரே சொல்லையே வாய்விட்டுக் கூறினர்.

பாண்டுங் நகரில் ஐரோப்பியர் கூடிக் களித்த மன்றம் ஒன்று, 1955இல் ஆசிய ஆப்பிரிக்க மாநாட்டுக்காக 'கெடுங் மெர்டேக்கா' எனப் பெயர் பெற்றது. ஜகார்த்தாவில் ஒல்லாந்து மன்னர் பெயரால் விளங்கிய பெருந்திடல் மெர்டேக்கா திடலாயிற்று. அதன் அருகிலேயே, 1961இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1978இல் திறக்கப்பட்ட பெரும் பள்ளிவாசலுக்கு 'இஸ்திக்லால்' என்று பெயர். அதனை வரைந்தவர் சிலாபான் என்னும் கிறித்தவச் சிற்பி. திடலுக்கு வடமொழி வழிவந்த சொல், பள்ளிவாசலுக்கு அரபிச் சொல், பொருளோ ஒன்று. ஒரு மக்கட் சமுதாயம் தன் வரலாற்றின் இரு கிளைகளையும் வெட்டாமல் பேணியதற்கு இது சான்று.

வழக்கில் நேர்ந்த தேய்வு

இனி, குறை கூற வேண்டிய இடத்துக்கு வருகிறோம். சொல் ஆளை விட்டு நாட்டுக்கு ஏறியது உயர்வுதான். ஏறிய சொல் ஆளை மறந்துவிட்டதோ என்பதே நம் ஐயம்.

மேன்மைமிகு ஆலிம் ஹம்கா அவர்கள் இந்தோனேசிய விடுதலைக்குத் தம் நாவாலும் எழுத்தாலும் தொண்டு செய்தவர். அவரை 1964இல் விடுதலை பெற்ற அதே நாட்டின் அரசு சிறையிலிட்டது, 1966இல்தான் வெளிவந்தார். அவர்தம் பெரும் படைப்பாகிய 'தஃப்சீர் அல் அஸ்ஹர்' சிறைச் சுவர்களுக்குள்ளே வளர்ந்தது. நாடு மெர்டேக்கா, ஆள் அன்று. 1976இல் அச்சேயில் எழுந்த இயக்கமும், பாப்புவாவில் எழுந்த இயக்கமும் தம் பெயரோடு மெர்டேக்கா என்னும் சொல்லையே இணைத்துக்கொண்டபோது, ஜகார்த்தாவில் வாழ்த்தாக ஒலித்த அது அங்கே குற்றமாக ஒலித்தது. 2005இல் அச்சேயில் அமைதி உடன்படிக்கை ஏற்பட்டது. இவ்வழக்குகளில் எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது இலக்கிய ஏட்டின் வேலையன்று. ஆயினும், தன் வாயில் இனிக்கும் சொல் பிறன் வாயில் கசப்பதேன் என்று கேட்பது சொல்லாராய்வின் கடமைதான்.

மற்றொரு தேய்வு வாணிபத்தால் வந்தது. கோலாலம்பூரில் துங்கு முழங்கிய அரங்கின் அருகிலேயே, 118 மாடிகளோடு ஏறத்தாழ 679 மீட்டர் உயரத்தில் 'மெர்டேக்கா 118' என்னும் கோபுரம் எழுந்திருக்கிறது. ஆகஸ்ட் மாதம் வந்தால் கடைகளில் மெர்டேக்காத் தள்ளுபடியும் வந்துவிடுகிறது. கோபுரம் கட்டுவது குற்றமன்று. கடை நடத்துவதும் குற்றமன்று. ஆனால் வானளாவிய கட்டடத்துக்கு அப்பெயரைச் சூட்டும் கை, அடித்தளத்தில் கல் சுமந்த பிற நாட்டுக் கூலியாளின் கடவுச்சீட்டு எவர் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது என்று பார்த்ததுண்டா என்பது நம் வினா. கடல் கடந்து உழைக்கச் செல்லும் எளியோரின் கடவுச்சீட்டை முதலாளிமார் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அதன் துயரம் நம் குடும்பங்கள் அறியாததன்று. பழைய மலாக்காச் சட்டநூலின் கண்கொண்டு பார்த்தால், விரும்பியபோது ஊர் திரும்ப இயலாதவனை எந்தப் பெயரால் அழைப்பது?

மலாய் மொழியில் 'பெபாஸ்' என்றொரு சொல்லும் உண்டு. தடையின்மை என்பது அதன் பொருள். சிறையிலிருந்து வெளிவந்தவனும் பெபாஸ். கூண்டை விட்டுப் பறந்த பறவையும் பெபாஸ். வரம்பில்லாப் பழக்கத்தையும் அதே சொல்லால் இகழ்ந்து கூறுவார்கள். மெர்டேக்காவுக்கோ இவ்விகழ்ச்சி ஒட்டுவதில்லை. தடை இல்லாமை மட்டும் மெர்டேக்கா ஆகாது. தன்னைத் தானே ஆளும் தகுதியும் அதனுள் அடங்கும். மஹர்த்திக என்னும் மூதாதைச் சொல்லில் இருந்த பெருமிதம் முற்றும் அழிந்துவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று.

தமிழில் எவ்வாறு சொல்வது?

'சுதந்திரம்' என்னும் சொல்லைச் சற்றே நோக்குவோம். தன் ஆட்சி என்பது அதன் வடமொழிப் பொருள். ஆனால் நம் ஊர்ப்புறங்களில் அதற்கு வேறொரு வழக்கும் இருந்தது. களத்துமேட்டில் நெல் அளக்கும்போது ஊர்ப் பணியாளர்க்கு வழிவழியாக அளந்து கொடுக்கும் பங்குக்குச் 'சுதந்திரம்' என்று பெயர். எவன் பிறர்க்கு ஊழியம் செய்யக் கட்டுப்பட்டவனோ அவன் பெறும் படிக்கே சுதந்திரம் என்று பெயர் இருந்தது! பெர்டிக்கானைப் போல இதுவும் ஏற்பாட்டைக் காப்பது, ஏற்பாட்டை உடைப்பதன்று. ஆகவே, அடிமை நீக்கம் என்னும் மெர்டேக்காவின் உயிர்ப்பொருளைச் சுதந்திரம் என்னும் சொல் தாங்குவதில்லை.

'விடுதலை' என்பது இன்னும் நெருங்கி வருகிறது. தளை, கொத்தடிமை, சிறை என்னும் மூன்றினின்றும் நீங்குதல் அதனுள் உண்டு. நம் திருக்குர்ஆன் தமிழாக்கங்களிலும் அடிமையை 'விடுதலை செய்தல்' என்றே எழுதுகிறோம். ஆனால் விடுதலை ஒரு நிகழ்ச்சி. மெர்டேக்கா ஒரு நிலை. விடுதலை ஒருநாள் கிடைக்கும். மெர்டேக்காவாக நாள்தோறும் வாழ வேண்டும்.

ஆகையால் மொழிபெயர்ப்பாளர்க்கு நாம் கூறுவது இது. நாட்டு விழாவைக் குறிக்குமிடத்து 'விடுதலை நாள்' என்க. பழைய நூல்களில் ஆளைக் குறிக்குமிடத்து 'அடிமை நீங்கியோர்' என்றோ 'உரிமை மாந்தர்' என்றோ எழுதுக. 'சுதந்திர மனிதர்' என்பது அங்கே சிறிதும் பொருந்தாது. மக்கள் முழக்கத்தைக் குறிக்குமிடத்து மெர்டேக்கா என்றே விட்டுவிடுக. சிங்கப்பூர் அரசு 1950களில் பிறந்த மூத்தோர்க்கு 2019இல் வகுத்த திட்டத்துக்குத் தமிழிலும் 'மெர்டேக்கா தலைமுறை' என்றே பெயர் வழங்குவது நல்ல முன்மாதிரி. கடை, கப்பல், பெட்டி, கட்டில் என்னும் நம் சொற்களை மலாய் மொழி எடுத்துக்கொண்டு ஆள்கிறது. 'லெப்பை' என்பதைக்கூட 'லெபாய்' என்று ஏற்றுக்கொண்டது. நாம் ஒரு சொல்லைத் திருப்பி வாங்கிக்கொள்வதால் தமிழ் தாழ்ந்துவிடாது.

இது வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கலன்று. சுதந்திரம் என்றால் கொடியும் அணிவகுப்பும் நம் பிள்ளைகள் கண்ணில் தோன்றுகின்றன. மெர்டேக்கா என்பதற்கு உரிய பொருளைச் சொல்லிக்கொடுத்தால், ஓர் ஆள் தோன்றுவான். அவன் கழுத்திலிருந்து நீங்கிய நுகமும் தோன்றும். இந்தியாவில் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆயினும், கொடுத்த முன்பணத்தைக் காட்டி ஒருவனை ஊருக்குப் போகவிடாமல் வைத்திருக்கும் கை இன்னும் முற்றாக ஒழியவில்லை. அந்தக் கை நம் தொழிலகத்திலோ, நம் அங்காடியிலோ, நம் அடுக்களையில் பாத்திரம் துலக்கும் சிறுமியின் தோளின்மேலோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு. பழவேற்காட்டுக் கரையிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் சொல் அது. அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு, அச்சொல்லை அதன் பொருளோடு வழங்குவதே ஆகும்.